மூன்று கால் நாற்காலி

லெய்டன், 9 டிசம்பர் 1995

ரென்ஸ்கே,

நாங்கள் பத்திரமாக வீடு சேர்ந்தோமா என்று ஹெட்டியிடம் தொலைபேசியில் கேட்டாயாம். சேர்ந்தோம். வழி நெடுக மழை. ஹெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் குற்றம் என்னுடையது என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை மாலை நடந்ததை எழுத்தில் வைத்துவிடுகிறேன். வாயால் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய்.

அம்மா இல்லாத முதல் நிக்கோலாஸ் மாலை; சீட்டில் பெயர் விழுந்தவருக்கு ஒரு பரிசும் ஒரு கேலிக் கவிதையும், எழுதியவர் பெயர் சொல்லாமல், அம்மா நடத்தியபடியே. அதற்காகத்தான் மறுநாள் வகுப்பையும் மாற்றிவைத்துவிட்டு இவ்வளவு தூரம் வந்தேன். சாக்குப்பையிலிருந்து என் பெயர் போட்ட பொட்டலம் வந்தது. காகிதக்கூழில் செய்த ஒரு நாற்காலி. அதற்கு மூன்றே கால். எனக்குக் கிடைக்காமல் போன தலைமையாசிரியர் நாற்காலி என்பது புரியப் பெரிய அறிவு வேண்டியதில்லை. அதில் ஊசியால் குத்தியிருந்த கவிதையை, வழக்கப்படி, நானே எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டியிருந்தது.

"நான்கு முறை விண்ணப்பம், நான்கு முறை இல்லை;
எவர்ட்டுக்கு நாற்காலி கிடைத்தபாடு இல்லை.
பள்ளிக்கூடம் பெரிது, தலைமை அறை சிறிது;
கதவில் நுழைய இவருடைய மூக்கு கொஞ்சம் பெரிது."

இந்த இடத்தில்தான் உன் கணவர் ஹார்ம் தொடையில் தட்டிச் சிரித்தார். அவருடைய அம்மா, "நல்லாருக்கே, முதல்லேர்ந்து இன்னொரு தடவை படிப்பா" என்றார்கள். நான் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தேன்.

நான்காவது முறையும் விண்ணப்பித்து, நான்காவது முறையும் இல்லை என்று வந்தது பள்ளிக்கு வெளியே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி ஹெட்டி. அவளுக்கு விழுந்த சீட்டு ஹார்முடையது. அவள் செய்த காகிதப் படகை உட்கார்ந்து ஒட்டியவன் நான். இன்னொருத்தி நீ. நவம்பரில் ஒரு மணி நேரம் தொலைபேசியில் உன்னிடம் கொட்டித் தீர்த்தேன். என்னை விடப் பதினைந்து வயது சின்னவனான ஸ்ட்ராட்மன் அந்த இடத்தில் உட்காரப்போகிறான் என்று சொன்னபோது என் குரல் உடைந்தது கூட உனக்குத் தெரியும். அதை எடுத்து எதுகை போட்டு ஊர் சிரிக்க வைத்திருக்கிறாய்.

"நிக்கோலாஸ் தாத்தா எழுதினாரு" என்ற பதில் வேண்டாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. 'எழுதியது நான்தான்' என்று ஒரு வரி எழுது. அது வரும்வரை அந்த வீட்டுப் படியேற மாட்டேன்.

எவர்ட்


ஆப்பிங்கடாம், 2 ஜனவரி 1996

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்துகள். அண்ணிக்கும். எண்ணெய் உருண்டை நூறுக்கு மேல் பொரித்தேன். வீடு முழுக்க இன்னும் அந்த வாடைதான். இன்று காலை என்னிடம் கார் ஓட்டக் கற்க வந்த பையன் மூக்கைச் சுளித்தான், ஆனால் நான்கு உருண்டை வாங்கித் தின்றான்.

உன் ஒரு வரி கிடைக்காது. எழுதினேன் என்றும் சொல்ல மாட்டேன், எழுதவில்லை என்றும் சொல்ல மாட்டேன். யார் எழுதியது என்று இந்த வீட்டில் என்றைக்காவது யாராவது சொல்லியிருக்கிறார்களா? நீ எட்டு வயதில் அப்பாவின் புகை பைப்பை உடைத்ததைப் பற்றி ஒரு கவிதை வந்ததே, அதை எழுதியது யார் என்று இன்றுவரை உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஒருவர் சொன்னால் அப்புறம் எல்லோரும் சொல்ல வேண்டும். அதோடு அந்த மாலை முடிந்தது.

உன் செய்தியை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. சொன்னேன். வருத்தத்தில் சொன்னேன், கேலிக்காக இல்லை. அதற்கு நீ என்னைத் திட்டலாம்.

ஆனால் நீ கவிதையில் பாதிதான் வாசித்தாய். உள்ளே பரிசு இருக்கிற நாற்காலியை உடைக்கவே இல்லை. அடுத்தவர் பொட்டலத்தை நாங்கள் தொட மாட்டோம். நாற்காலியும் அந்தக் காகிதமும் அப்பா அறையில் அலமாரி மேல் இருக்கின்றன. வந்து உடைத்துக்கொள்.

அப்புறம் ஒன்று. அம்மா இருந்தபோது போலவே, வருகிற கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து காப்பி நேரத்தில் எல்லோருக்கும் வாசிக்கிறேன். அப்பா நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதத்தையும் வாசித்தேன். நடுவில் ஒரு வரியை விட்டேன். உடனே, "தாவுறியே. உங்கம்மா ஒரு வரி விடமாட்டா" என்றார். எழுதும்போது அதை நினைவில் வைத்துக்கொள்.

ரென்ஸ்கே


லெய்டன், 11 பிப்ரவரி 1996

ரென்ஸ்கே,

எல்லோருக்கும் வாசிக்கிறாயா? நல்லது. எழுதியவர் காதிலும் விழட்டும். நீயே எழுதி, நீயே வாசித்து, நீயே காப்பி ஊற்றிக்கொள்வது உனக்குப் பழக்கமாகியிருக்கும்.

நாடே கால்வாய்களில் பனிக்கட்டியின் கனத்தை அளந்துகொண்டு, பதினோரு ஊர்ச் சறுக்கோட்டம் இந்த வருடம் நடக்குமா என்று வாயைப் பிளந்து கிடந்தது. கடைசியில் கட்டி போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆசிரியர் அறையில் மூன்று வாரம் இதே பேச்சு. ஸ்ட்ராட்மனுக்கு நுழைவுச்சீட்டு இருந்ததாம். அவனுக்கு எல்லாச் சீட்டும் கிடைக்கும்.

எனக்கு நேரம் இருந்ததால் அந்தக் கவிதையை, மனத்தில் நின்றவரை, மாணவன் கட்டுரையைத் திருத்துவது போலத் திருத்திப் பார்த்தேன். 'இல்லை'க்கு இயைபு 'இல்லை'. 'சிறிது'க்கு 'பெரிது', அதுவும் அந்தப் 'பெரிது' ஏற்கெனவே முந்தின வரியில் வந்து போய்விட்டது. ஓசை முடமாக நடக்கிறது, அந்த நாற்காலி மாதிரியே. கேலி என்றால் அதில் ஒரு நளினம் வேண்டும். இதை எழுதியவருக்கு மாட்டின் காது, செருப்புத் தைப்பவரின் விரல். பத்துக்கு நான்கு போடுகிறேன். நான்கும் தாள் சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததற்காக. கையெழுத்து தெரியக்கூடாது என்று தட்டச்சு செய்ததற்கு அதையும் கழிக்கலாம்.

மூன்று காலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாற்காலி என்றால் போதாதா? உட்கார்ந்தால் கவிழ்வான் என்றும் காட்ட வேண்டுமா?

பொட்டலம் அங்கேயே கிடக்கட்டும்.

எவர்ட்


ஆப்பிங்கடாம், 9 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் தீ இந்த வருடம் பெரிது. ஊர்ப் பையன்கள் மூன்று மாதமாகக் கிளைகளும் பழைய கதவுகளும் சேர்த்துக் குவித்திருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதற்கு முந்தின இரவே வந்து கொளுத்திவிட்டுப் போகப் பார்த்தார்கள்; எப்போதும் போல.

ஹார்ம் வீட்டில் எரிக்க என்ன இருக்கிறது என்று துழாவினார். அலமாரி மேல் இருந்த உன் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு? வர்றவன் வரப்போறதில்ல, எலி வேற ஒரு காலைக் கடிச்சிருக்கு. தூக்கிப் போட்டா நல்லா எரியும்" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். அவர் நாற்காலியிலிருந்து எழ எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியாது, நீ பார்த்து நாளாகிறது. "வைடா கீழ" என்றார்.

"மாமா, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"அது என் பையனோட பொட்டலம். வை."

ஹார்ம் வைத்துவிட்டார். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் திரும்பி வரும்வரை வீட்டிலேயே இருந்தார். தீ பார்க்க வரவில்லை. அவர் ஈஸ்டர் தீ பார்க்காமல் இருந்து நான் கண்டதில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தை வாசித்தேன். ஒரு வரியும் விட விடவில்லை. "எத்தன மார்க்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். காப்பியில் இரண்டாவது தடவை சர்க்கரை போட்டார்.

சும்மா சொல்லி வைக்கிறேன். கோபம் என் மேல் என்றால் என்னோடு தொலைபேசியில் சண்டை போடு. கடிதத்தில் வேண்டாம்.

நிக்கோலாஸ் மாலைக்கு உன் பெயரின் முதல் எழுத்தாக வாங்கி வைத்த சாக்லேட் வெளுத்துப்போனதால் ஹார்ம் தின்றுவிட்டார்.

ரென்ஸ்கே


லெய்டன், 5 மே 1996

ரென்ஸ்கே,

தொலைபேசியில் நீ பேச்சை மாற்றுவாய். காகிதத்தில் மாற்ற முடியாது. அதனால் கடிதம்தான்.

அரசி நாளன்று ஹெட்டி என்னைக் கட்டாயப்படுத்திக் கால்வாய்க் கரையில் விரிப்புப் போட்டு உட்கார வைத்தாள். ஊரே தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்ட்ராட்மன் வந்தான், தோளில் குழந்தை. என் பழைய இலக்கண நூல்களைப் புரட்டிவிட்டு, "ஹோக்சேமா சார், இதெல்லாம் விக்கிறீங்களா? அப்ப ரிட்டயர்மென்ட் யோசனையா?" என்றான். சிரித்துக்கொண்டே கேட்டான். இரண்டு கில்டர் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதி வேண்டாம் என்றான். பதிலுக்குச் சொல்ல வேண்டியது மறுநாள் சவரம் செய்யும்போதுதான் நினைவுக்கு வந்தது.

நேற்று மாலை போர் நினைவுத் தூணருகே பள்ளியின் சார்பில் மலர் வளையம் வைத்ததும் அவன்தான். இருபது வருடமாக வைத்தது நான். எட்டு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். இறந்தவர்களை நினைக்க வேண்டிய நேரத்தில் நான் ஸ்ட்ராட்மனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது எனக்குப் பெருமையில்லை.

என் பிறந்தநாளுக்கு அப்பாவிடமிருந்து அட்டை வந்தது. "வாழ்த்து. அப்பா." அவ்வளவுதான். இத்தனை வருடமும் அம்மா பக்கம் பக்கமாக எழுதி, கீழே இரண்டு பெயரும் போடுவாள். எழுத்துகள் கோணலும் மாணலுமாக ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அவருக்குக் கை நடுங்குகிறதா? டாக்டரிடம் காட்டினாயா? இதையெல்லாம் ஏன் எனக்கு எழுதுவதில்லை? எலி கடித்ததை எழுதத் தெரிகிறது.

எவர்ட்


ஆப்பிங்கடாம், 16 ஜூன் 1996

அண்ணா,

கை நடுங்குகிறது. ஒரு வருடத்துக்கு மேலாக. போன வருடம் வந்தபோது ஒரு கோப்பையை அவர் இரண்டு கையாலும் பிடித்ததை நீ பார்க்கவில்லை, ஏனென்றால் உன் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஃபெம்மி பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டாள். வியாழனன்று பள்ளியிலிருந்து தொலைபேசி வந்ததும் கொடிக் கம்பத்தில் கொடியேற்றி, அதன் நுனியில் அவள் புத்தகப்பையைக் கட்டித் தொங்கவிட்டோம். அப்பாதான் கயிற்றைப் பிடித்தார். நேற்று விருந்து. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக் கேக் சாப்பிட்டோம். உனக்கு அழைப்பு அனுப்பியிருந்தேன். அண்ணி மட்டும் ரயிலேறி வந்தாள். "அவருக்குத் தலைவலி" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

ஃபெம்மி என் மகள். உனக்கு என்னோடு சண்டை, சரி. அவள் என்ன செய்தாள்? மொழிப் பாடத்தில் எட்டு வாங்கியிருக்கிறாள். அதை மாமாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு நான்கு மணி வரைக்கும் தெருவைப் பார்த்தார். "ட்ரெயின் லேட்டாருக்கும்" என்றார். அண்ணி அதே ரயிலில் வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சலித்துவிட்டது. நீ கேட்கிற ஒரு வரியை எழுதித் தொலைத்தால் என்ன என்று பேனாவை எடுத்தேன். பொய்யாக எழுத முடியவில்லை. மெய்யாகவும் எழுத முடியவில்லை. நீயே யோசி.

ரென்ஸ்கே


லெய்டன், 4 அக்டோபர் 1996

ரென்ஸ்கே,

நான்கு மாதமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஃபெம்மிக்கு அனுப்பிய அகராதி கிடைத்தது என்று அவளே பதில் போட்டாள். நல்ல நடை. உன்னிடமிருந்து வந்ததில்லை.

நேற்று எங்கள் ஊர் முற்றுகை நீங்கிய நாள். காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வாங்கினேன். மாலையில் கேரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்து ஹெட்டி சமைத்தாள். நானூறு வருடத்துக்கு முன் ஸ்பானியர்களிடம் பணியாமல் பட்டினி கிடந்த ஊர் இது. ஹெட்டி கரண்டியை வைத்துவிட்டு, "அவங்களாவது வெளிய எதிரி இருந்ததால உள்ள அடைஞ்சு கெடந்தாங்க. உங்களை யாரு வெளிய சுத்தி வளைச்சிருக்கா?" என்றாள். வர வர என் வீட்டிலேயே எனக்கு ஆளில்லை.

வருகிற டிசம்பர் ஐந்தாம் தேதியைப் பற்றிக் கேட்பாய். பதில் போன வருடத்ததுதான். எழுதியவர் வாய் திறக்கட்டும், நான் வருகிறேன்.

'நீயே யோசி' என்றாய். யோசித்தேன். எனக்கு வலிப்பது கேலி அல்ல. கேலி செய்யத் தெரியாதவர் கேலி செய்தது. நம் வீட்டில் அழகான கவிதைகள் வந்ததுண்டு. அப்பா பெயரைச் சீட்டில் எடுத்தவர்கள் என்னவோ எழுதுவார்கள். ஆனால் அப்பா யார் பெயரை எடுத்தாரோ, அந்தக் கவிதையை நான் கேட்டதும் கண்டுபிடித்துவிடுவேன். அளவு பிசகாது. குத்துவது போலத் தொடங்கித் தடவிக்கொடுத்து முடியும். வருடம் முழுக்க 'மோசமில்லை' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர், அந்த ஒரு மாலையில் அப்படி எழுதுவார். அவருடைய கவிதைகளை எடுத்து வைத்துப் படி. ஒருவனை நேசித்துக்கொண்டே கேலி செய்வது எப்படி என்று அதில் இருக்கிறது. போன வருடம் எழுதியவருக்கு அந்த நேசம் இருந்திருந்தால் அப்படி ஒரு மொண்டி நாற்காலியைச் செய்து அனுப்பியிருக்க மாட்டார். அம்மா இருந்திருந்தால் அதைச் சாக்குப்பையில் போடவே விட்டிருக்க மாட்டாள்.

இதையும் காப்பி நேரத்தில் வாசி.

எவர்ட்


ஆப்பிங்கடாம், 12 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணா,

வாசித்தேன். வாசிக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "கைய நீட்டு, நானே படிச்சுக்கிறேன்" என்றார். அதற்கு நானே வாசிப்பது மேல்.

நேற்று புனித மார்ட்டின் விளக்கு. பிள்ளைகள் சர்க்கரை பீட் கிழங்கைக் குடைந்து உள்ளே மெழுகுவத்தி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பாடி மிட்டாய் வாங்கிப் போனார்கள். கதவை அப்பாதான் திறந்தார். மிட்டாய்க் கிண்ணம் கையில் ஆடியது. ஒரு சிறுமி, "குளிருதா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றார்.

பிள்ளைகள் போனபிறகு நிக்கோலாஸ் மாலைக்குச் சீட்டுக் குலுக்க உட்கார்ந்தோம். தொப்பியில் பெயர்களைப் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். கையை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம்."

"ஏன்ப்பா?"

"எனக்குக் கவிதை வராது."

ஹார்ம் சிரித்தார். "மாமா, நாப்பது வருஷமா எழுதிட்டு இப்ப வராதுங்கறீங்களே!"

"அது வேற ஆள் எழுதினது. அவ போயிட்டா."

பிறகு, என்னிடம் இல்லை, தொப்பியிடம் சொல்வது போலச் சொன்னார்: "காலு நாலுதான் செஞ்சேன். ஒண்ணு ஒட்ட மாட்டேன்னுது. விழுந்துட்டே இருந்துது."

அப்புறம் எழுந்து படுக்கப் போனார். ஃபெம்மி அழுதுகொண்டு மாடிக்கு ஓடினாள். தட்டச்சு அவளுடையது.

எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவர் தொப்பியிடம் பேசியதை எழுதினேன், அவ்வளவுதான்.

அவர் பெயர்ச் சீட்டு மட்டும் தொப்பியில் மிஞ்சிக் கிடக்கிறது. யாராவது அவருக்கு எழுத வேண்டும்.

ரென்ஸ்கே


லெய்டன், 15 நவம்பர் 1996

ரென்ஸ்கே,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. பள்ளிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். ஹெட்டி, "இந்தத் தடவை பொய்யில்ல" என்றாள்.

எல்லாவற்றையும் கேட்டாரா? மாட்டின் காது என்று எழுதினேனே, அதையும்? செருப்புத் தைப்பவரின் விரலையும்? அம்மா விடமாட்டாள் என்ற வரியையும் அவருக்கு எதிரே உட்கார்ந்து நீ வாசித்தாயா?

உன் மேல் ஆத்திரமாக வருகிறது. இந்தப் பாழாய்ப்போன வழக்கத்தின் மேலும். ஒரு வருடம்! ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிகிறது. நீ சொல்லியிருந்தால் நான் உடனே ரயிலேறி வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன், அவர் உன்னை மன்னித்திருக்க மாட்டார்.

தொலைபேசியை எடுத்து ஐந்து எண் வரை சுழற்றிவிட்டு வைத்தேன். என்ன சொல்வது? 'நீங்கள் எழுதியது என்று தெரியாது' என்றா? தெரிந்ததாக எப்படிச் சொல்வது? எழுதியவர் நிக்கோலாஸ்.

அந்தச் சீட்டை எனக்கு அனுப்பு.

அண்ணன்


ஆப்பிங்கடாம், 20 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணா,

சீட்டு இதனுடன். ஃபெம்மி தனக்கு வேண்டும் என்று அடம் பிடித்தாள், பிடுங்கித்தான் அனுப்புகிறேன்.

ஆமாம், எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போன வருடம் அவருக்கு உன் சீட்டு விழுந்தபோது, "எவர்ட்டுக்கு என்ன புதுசா நடந்திருக்கு? எழுத ஒண்ணும் தெரியலியே" என்று என்னிடம் கேட்டார். கவிதைக்குக் கேட்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். அம்மா எதையும் கேலி செய்து முடித்துவைப்பாள் அல்லவா, அவரும் முடித்துவைப்பார் என்று நினைத்தேன். ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பசை காய்ச்சினார். உள்ளே என்ன செய்கிறார் என்று கேட்டால், "வேலையப் பாரு" என்பார். சிரிக்கத்தான் வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்குத்தானே அந்த மாலை.

ஒன்று மட்டும். வந்து வாய் திறந்து மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் எழுந்து போய்விடுவார். இனி ஒரு நிக்கோலாஸ் மாலைக்கும் உட்கார மாட்டார்.

ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. ஆறு மணிக்குப் பட்டாணி சூப்.

ரென்ஸ்கே


லெய்டன், 7 டிசம்பர் 1996

அன்புள்ள ரென்ஸ்கே,

நன்றாக வந்து சேர்ந்தோம். ஹெட்டி வழி நெடுகப் பேசினாள்.

சாப்பாடு முடிந்து நீ மாமியாரை வீட்டில் விட்டுவர காரை எடுத்துக்கொண்டு போனபோது சமையலறையில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன், நீயும் பார்த்ததுதான், ஆனாலும் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். சாக்குப்பையை அவிழ்க்கும் முன் அப்பா கையைத் தூக்கி, "போன வருஷத்து பாக்கி ஒண்ணு இருக்கு. அது முடியட்டும்" என்றாரே, அப்போது அலமாரி மேல் இருந்த காகிதத்தை எடுத்து வந்தேன். விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

"பாலத்துக் காவலில் ஒருத்தர் பலகாலம் இருந்தார்;
தலைமைப் பதவி வரும் வரும் என்று இருந்தார்.
வந்தது நாற்காலி அல்ல, வந்தது ஒரு மெத்தை;
உட்கார்ந்து பார், எவர்ட்: மோசமில்லை இந்த மெத்தை."

உடைத்தேன். கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடும் காவல் அறையில் அப்பா ஓய்வு பெறும்வரை போட்டு உட்கார்ந்த மெத்தை. கடைசிவரை உதவிக் காவலராகவே இருந்தார். அவரைத் தாண்டி மூன்று பேர் தலைமைக் காவலர் ஆனது எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கதையை ஒரு நாளும் அவர் வாயால் சொன்னதில்லை. அம்மா தைத்த ஓரம் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. அதை அவரே தைக்கப் பார்த்திருக்கிறார். நூல் எங்கெங்கோ போயிருந்தது.

பிறகு அவர் தன் பொட்டலத்தைப் பிரித்து, நான் எழுதியதை, அதாவது நிக்கோலாஸ் எழுதியதை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மோசமில்லை" என்றுகூடச் சொல்லவில்லை. நீ அப்போதுதான் கிளம்பினாய்.

சமையலறையில் நான் தட்டுக் கழுவினேன், அவர் துடைத்தார். ஒரு தட்டைத் துடைக்க நான் நான்கு தட்டைக் கழுவும் நேரம் ஆனது. நான் காத்திருந்தேன். நீ சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் வாய் திறந்துவிட்டேன்.

"அப்பா, அந்தக் கடுதாசியெல்லாம்..."

"தண்ணி ஆறிப்போச்சு. சூடா ஊத்து."

ஊற்றினேன். அவர் துணியை உதறிப் போட்டுக்கொண்டார்.

"போன வருஷத்துது. நிக்கோலாஸ் எழுதினது. முழுசாப் படிச்சாச்சில்ல? இப்ப எத்தன மார்க்?"

எட்டு என்று சொல்ல வாய் வந்தது. ஒன்பது என்றும் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஒரு கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டு என்றால் அது மதிப்பெண் இல்லை, மன்னிப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'இருந்தார்'க்கு 'இருந்தார்', 'மெத்தை'க்கு 'மெத்தை'. நான் என்ன செய்யட்டும்?

"அஞ்சரை" என்றேன்.

"அது பாஸா?"

"பாஸ். ஒட்டிக்கிட்டுதான்."

"ம்." கரண்டியை இழுப்பறையில் வைத்தார். முதல் தடவையாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் நின்றதால் உறுதியாகச் சொல்ல முடியாது. "சரியான மார்க்குதான். நான் அஞ்சுன்னு நெனச்சேன்."

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு நாக்கு அடங்கவில்லை. "இந்த வருஷத்துது எப்படி?" என்று கேட்டேன்.

யோசிக்கக்கூட இல்லை. "நாலு."

"நாலா?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வரிக்கு வரி மன்னிப்பு வாடை அடிக்குது. நிக்கோலாஸ் மன்னிப்புக் கேக்கமாட்டாரு. அவரு கேலிதான் பண்ணுவாரு." துணியை என் தோளில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ரென்ஸ்கே, அந்தக் கவிதையைப் பதினேழு தடவை திருத்தி எழுதினேன். மொழி கற்பித்தே தலை நரைத்தவனுக்கு நான்கு! ரயிலில் அந்த மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது க்ரோனிங்கனிலிருந்து ஸ்வோல்ல வரைக்கும் ஆத்திரமாகவே இருந்தது. எந்த வரியில் வாடை அடிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை மெத்தையைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஆசிரியர் அறையில் என் நாற்காலியில் போடப்போகிறேன். ஸ்ட்ராட்மன் என்ன என்று கேட்பான். கேட்கட்டும்.

கேட்க வேண்டியதை நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க விடமாட்டார்.

இதைக் காப்பி நேரத்தில் வாசித்துவிடாதே.

இல்லை, வாசி. ஒரு வரியும் விடாமல் வாசி. எத்தனை மார்க் என்று மட்டும் அவரிடம் கேட்டு எழுது.

உன் அண்ணன்
எவர்ட்